குதிரையின் குடல் பாக்டீரியாப் பன்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரை வளர்ப்போரும் லாயத்தைக் கவனிப்போரும் கால்நடை மருத்துவ மாணவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. அளவுகள் எல்லாம் 400 முதல் 500 கிலோ எடையுள்ள, வளர்ந்த, நலமான குதிரைக்கு. நோய் அறிகுறி தெரிந்தால் முதல் வேலை மருத்துவரை அழைப்பது. இங்கே எழுதியிருப்பது எதுவும் அதற்கு மாற்று இல்லை.

குதிரையின் குடலில் பாக்டீரியா எங்கே அதிகம் வாழ்கிறது?

பின்குடலில். குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். சுமார் 20 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலைத் தீவனம் சில மணி நேரத்தில் கடந்துவிடும். அதற்கடுத்து வருவது சீக்கம் என்னும் பெரிய பை. நீளம் ஏறக்குறைய 1 மீட்டர், கொள்ளளவு 25 முதல் 35 லிட்டர். அதைத் தொடரும் பெருங்குடல் 50 லிட்டருக்கும் மேல் கொள்ளும். மொத்தச் செரிமானப் பாதையின் கொள்ளளவில் 60 சதவீதத்துக்கு மேல் இந்தப் பின்குடலுக்கே சேரும். தீவனம் இங்கே ஒன்றரை, இரண்டு நாள் தங்குகிறது. உள்ளிருக்கும் கூழில் ஒரு கிராம் எடுத்தால் 100 கோடிக்கு மேல் பாக்டீரியா இருக்கும்.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும். மாட்டுக்கு நொதித்தல் முதலில், செரிமானம் பிறகு. குதிரைக்கு நேர்மாறு: இரைப்பையும் சிறுகுடலும் முடிக்காமல் விட்டது எதுவோ அதுதான் பாக்டீரியாவுக்கு உணவு. ஆகவே சிறுகுடலால் சமாளிக்க முடியாத அளவுக்கு நாம் எதைக் கொட்டினாலும், அதன் விளைவு பின்குடலில்தான் தெரியும்.

அங்கே என்னென்ன வகைகள் இருக்கின்றன?

ஃபர்மிக்யூட்ஸ், பாக்டீராய்டீட்ஸ் என்னும் இரண்டு பெரும் பாக்டீரியாப் பிரிவுகளே பெரும்பான்மை. ஃபைப்ரோபாக்டீர்ஸ், ஸ்பைரோகீட்ஸ், வெருகோமைக்ரோபியா ஆகியவை குறைந்த அளவில். நார்ச்சத்தை உடைப்பதில் ஃபைப்ரோபாக்டர் சக்சினோஜீன்ஸ், ருமினோகாக்கஸ் ஃபிளேவிஃபேசியன்ஸ் இரண்டும் முக்கியமானவை. லாக்னோஸ்பைரேசியே என்ற குடும்பமும் நலமான குதிரைகளில் தொடர்ந்து காணப்படுகிறது.

பாக்டீரியாவைத் தவிர ஒருசெல் உயிரிகள், மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிரிகள், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பூஞ்சைகள் எல்லாம் உண்டு. பைரோமைசஸ், சீக்கோமைசஸ் போன்ற இந்தப் பூஞ்சைகள் தண்டின் கடினத் திசுவுக்குள் வேர்விட்டுப் பிளக்கின்றன. பிளந்த இடத்தில் பாக்டீரியா நுழைகிறது. பரிசோதனை அறிக்கைகள் பெரும்பாலும் பாக்டீரியாவை மட்டுமே காட்டுகின்றன. அறிக்கையில் வராதவையும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கின்றன.

‘பன்மை’ என்று எதை அளக்கிறார்கள்?

இரண்டு விஷயங்களை. எத்தனை வகைகள் இருக்கின்றன என்பது ஒன்று. அவை எவ்வளவு சமமாகப் பங்கிட்டிருக்கின்றன என்பது இன்னொன்று. 500 வகைகள் இருந்தும் அவற்றில் ஒரே வகை 80 சதவீதத்தைப் பிடித்திருந்தால் அது பன்மை குறைந்த குடல்தான். ஷானன் குறியீடு இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது.

குதிரைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எல்லாக் குதிரைகளுக்கும் பொதுவாக இருக்கும் பாக்டீரியாக் கூட்டம், மாடு போன்ற அசைபோடும் விலங்குகளோடு ஒப்பிட்டால் சிறியது; அதிலும் பெரும்பாலானவை மிகக் குறைந்த எண்ணிக்கையில் இருப்பவை. திடீர்த் தீவன மாற்றத்தைக் குதிரையின் குடல் தாங்காததற்கு இதையும் ஒரு காரணமாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பன்மை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று சொல்லலாமா?

பொதுவாகச் சொல்லலாம், ஆனால் எண்ணையே இலக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. பன்மை என்பது நார்த்தீவனமும் நிதானமான பராமரிப்பும் உண்டாக்கும் விளைவு. எண்ணை உயர்த்துவதற்கென்று எதையாவது கொடுத்துப் பயனில்லை. குடலுக்கு நார் தொடர்ந்து போனால் எண் தானாக உயரும்.

இதற்கு நல்ல சான்று மங்கோலியாவில் கிடைத்தது. மனிதர் பழக்காத பிரெவால்ஸ்கி குதிரைகளையும், அவற்றுக்கு அருகிலேயே மேயும் வளர்ப்புக் குதிரைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. பிரெவால்ஸ்கி குதிரைகளின் லத்தியில் பாக்டீரியாப் பன்மை அதிகம். அவை தின்ற தாவரங்களும் வேறு. அந்தக் கூட்டத்திலேயே ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலைகளில் பிறந்த நான்கு குதிரைகளுக்கு மட்டும் பன்மை மிகவும் குறைந்திருந்தது. பிறந்து வளர்ந்த சூழலின் தடம் பின்னாளிலும் தொடரக்கூடும் என்பதற்கு இது வலுவான குறிப்பு.

நார்ச்சத்து எப்படிச் சக்தியாகிறது?

பாக்டீரியா நாரை நொதிக்கவைத்து அசிட்டேட், புரொப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறது. புல்லை மட்டும் தின்னும் குதிரைக்கு வேண்டிய சக்தியில் பாதிக்கு மேல் இந்த வழியில்தான் வருகிறது. பெரும்பங்கு அசிட்டேட். பியூட்டிரேட் குடற்சுவரின் செல்களுக்கே உணவாகிறது. பி வகை வைட்டமின்களும் வைட்டமின் கே-யும் இங்கே தயாராகின்றன.

புரதம் மட்டும் இந்தக் கணக்கில் வராது. பாக்டீரியாவின் உடம்பிலுள்ள நல்ல புரதம் சிறுகுடலைத் தாண்டிய இடத்தில் உண்டாவதால் பெரும்பாலும் லத்தியோடு வெளியேறிவிடுகிறது. வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்குதிரைக்கும் லைசின் என்னும் அமினோ அமிலம் தீவனத்திலிருந்தே கிடைக்க வேண்டும்.

தானியம் ஏன் பன்மையைக் கெடுக்கிறது?

தானியம் கெடுப்பதில்லை, சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்துதான் கெடுக்கிறது. குதிரைக்கு மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதி குறைவாகவே சுரக்கும். ஒரே வேளையில் அதிகம் கொடுத்தால் மிச்சம் சீக்கத்துக்குள் விழும். அங்கே ஸ்ட்ரெப்டோகாக்கஸ், லாக்டோபேசில்லஸ் வகைகள் அதைப் பிடித்துக்கொண்டு சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. வழக்கமாக 6.5 முதல் 7 வரை இருக்கும் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) 6-க்குக் கீழே இறங்கும். நாரை உடைக்கும் பாக்டீரியா அந்த அமிலத்தில் தாக்குப்பிடிக்காது. லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் மெகாஸ்ஃபியரா, வெய்லோனெல்லா போன்றவை பெருகிச் சமன்செய்வதற்குள் அமிலம் முந்திக்கொள்கிறது. குடற்சுவர் புண்ணாகி, இறந்த பாக்டீரியாவின் நச்சு இரத்தத்தில் கலக்கிறது. வயிற்றுவலி, பேதி, குளம்பு அழற்சி என்று வரிசையாக வருவது இதனால்தான்.

தானியத்துக்குத் தானியம் வேறுபாடு உண்டு. ஓட்ஸின் மாவுச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சிறுகுடலிலேயே செரித்துவிடும். வேகவைக்காத முழு மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் செரிக்கும், மீதி பின்குடலுக்குப் போகும். பொரித்தோ ஆவியில் வேகவைத்தோ கொடுத்தால் நிலைமை வெகுவாக மாறும். வெறுமனே உடைத்துக் கொடுப்பதால் அவ்வளவு பலன் இல்லை.

ஒரு வேளைக்கு எவ்வளவு தானியம் கொடுக்கலாம்?

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 1 கிராம் மாவுச்சத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 2 கிராம் வரை போகலாம் என்றார்கள். இப்போது 1 கிராமைப் பின்பற்றுவதே பாதுகாப்பு என்பது எங்கள் உறுதியான கருத்து.

எடை தெரியாவிட்டால் நாடாவால் அளந்துகொள்ளலாம். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு அளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் இன்னொரு அளவு, இரண்டும் சென்டிமீட்டரில். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை வரும். சுற்றளவு 180, நீளம் 150 என்றால் 180 × 180 × 150 ÷ 11,880 = சுமார் 409 கிலோ.

இந்தக் குதிரைக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 410 கிராம் மாவுச்சத்துதான் எல்லை. ஓட்ஸில் மாவுச்சத்து சுமார் 42 சதவீதம், ஆகவே 975 கிராம் ஓட்ஸ். பார்லியில் சுமார் 54 சதவீதம், ஆகவே 760 கிராம். மக்காச்சோளத்தில் சுமார் 68 சதவீதம், ஆகவே 600 கிராம், அதுவும் வேகவைத்திருந்தால்.

லாயங்களில் அதிகம் நடக்கும் தவறு டப்பாவால் அளப்பது. 2 லிட்டர் டப்பாவில் ஓட்ஸ் ஒரு கிலோவுக்குள் அடங்கும். அதே டப்பாவில் மக்காச்சோளம் ஒன்றரை கிலோ வரும். மாவுச்சத்து ஒரு கிலோவை எட்டிவிடும். ‘எப்போதும் போடுவது போல ஒரு டப்பாதான் போட்டேன்’ என்பார்கள். குதிரைக்குள் போனதோ இரண்டரை மடங்கு மாவுச்சத்து. தராசு வாங்குங்கள். தீவனம் மாறும்போதெல்லாம் டப்பாவை மறுபடி நிறுத்து, எடையை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

புல் எவ்வளவு வேண்டும்?

நீர் நீங்கிய எடைக் கணக்கில், உடல் எடையில் நாளுக்கு 1.5 முதல் 2 சதவீதம். 500 கிலோ குதிரைக்கு உலர்புல்லாக 8.5 முதல் 11 கிலோ. 1.5 சதவீதத்துக்குக் கீழே இறக்க வேண்டுமானால் மருத்துவர் சொல்லித்தான் இறக்க வேண்டும்.

அளவைப் போலவே இடைவெளியும் முக்கியம். 4 முதல் 6 மணி நேரத்துக்கு மேல் வாய் சும்மா இருக்கக் கூடாது. ஒரு கிலோ உலர்புல்லை மெல்ல 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு கிலோ ஓட்ஸுக்குப் பத்து நிமிடம் போதும். மெல்லும்போதுதான் உமிழ்நீர் சுரக்கிறது, அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தைத் தணிக்கிறது. இரண்டு மூன்று வகைப் புல் கிடைத்தால் கலந்து கொடுங்கள். நாரின் வகை கூடினால் அதை உடைக்கும் பாக்டீரியாவின் வகையும் கூடும்.

தீவனத்தை மாற்ற எத்தனை நாள் எடுத்துக்கொள்ள வேண்டும்?

குறைந்தது 10 நாள், முடிந்தால் 14. முதல் மூன்று நாள் புதியது கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, அடுத்த மூன்று நாள் முக்கால், பிறகு முழுவதும். தானியத்தைக் கூட்டுவதானால் நாளுக்கு 200 முதல் 250 கிராமுக்கு மேல் கூட்ட வேண்டாம். எண்ணெய் சேர்ப்பதானால் 30 மி.லி.யில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் உயர்த்துங்கள். நடுவில் லத்தி இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி மூன்று நாள் நின்றுவிட்டுப் பிறகு தொடருங்கள்.

தானியத்தை மாற்றும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். புல் கட்டு மாறும்போது யாரும் நினைப்பதில்லை. வேறு வயலில், வேறு நாளில் அறுத்த புல் பாக்டீரியாவுக்குப் புதுத் தீவனம். புல் மாறிய இரண்டு வாரத்துக்குள் வயிற்றுவலி வரும் அபாயம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழைய புல் தீர்வதற்கு இரண்டு வாரம் முன்பே புதியதை இறக்கிவிட வேண்டும். பழைய கட்டு ஒன்றுகூட மிச்சமில்லை என்றால் கலப்பதற்கு எதுவும் இருக்காது.

பசும்புல்லில் மேய விட்டால் பிரச்சினை வருமா?

குளிர்ப் பிரதேசப் புல்வகைகள் உபரிச் சர்க்கரையை ஃபிரக்டானாகச் சேமிக்கின்றன. அதைச் செரிக்கும் நொதி குதிரைக்குக் கிடையாது. அப்படியே பின்குடலுக்குப் போய் மாவுச்சத்து செய்யும் அதே வேலையைச் செய்யும். பகலில் நல்ல வெயில், இரவில் கடுங்குளிர் என்ற நாட்களில் புல் வளராமல் சர்க்கரையை மட்டும் சேர்ப்பதால் அளவு உச்சத்தில் இருக்கும். வெப்பப் பிரதேசப் புல்வகைகள் ஃபிரக்டானைச் சேமிப்பதில்லை.

லாயத்திலேயே இருந்த குதிரையை முதல் நாள் 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். நாளுக்கு அதே அளவு கூட்டிக்கொண்டு போனால் இரண்டு மூன்று வாரத்தில் முழு நேர மேய்ச்சலுக்கு வந்துவிடலாம்.

ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு குடல் மீள எவ்வளவு நாளாகும்?

மருந்தை நிறுத்தி ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்கு அருகில் வரும். ஆனால் துல்லியமாகப் பழைய கூட்டமே திரும்பும் என்று எண்ண வேண்டாம். வாய்வழி கொடுக்கும் டிரைமெதோபிரிம்-சல்ஃபா பன்மையை நன்றாகக் குறைக்கிறது. ஊசியாகப் போடும் செஃப்டியோஃபர்கூட நாரை உடைக்கும் பாக்டீரியாவை வெகுவாகக் குறைத்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஊசி என்பதால் குடல் தப்பிக்கும் என்பது சரியல்ல. காலியான இடத்தில் சால்மோனெல்லாவும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியும் புகுவதுதான் உண்மையான ஆபத்து.

மருந்து தேவையென்றால் கொடுத்தே ஆக வேண்டும். பாதியில் நிறுத்துவது தீர்வல்ல. மருந்துக் காலத்திலும் அதற்குப் பின் ஒரு மாதமும் தீவனத்தில் எந்த மாற்றமும் வேண்டாம், புல்லை முழு அளவில் கொடுங்கள், தானியத்தைக் குறையுங்கள். பயணம் போன்ற அலைச்சலைத் தள்ளிப்போடுங்கள். நாளுக்கு இருமுறை லத்தியைப் பாருங்கள், உடல் வெப்பத்தையும் அளந்து எழுதிவையுங்கள்.

லின்கோமைசினை வளர்ந்த குதிரைக்குக் கொடுக்கவே கூடாது. அது கலந்த வேறு விலங்கின் தீவனம் தவறிப் போய்ச் சேர்ந்தாலே உயிருக்கு ஆபத்தான குடல் அழற்சி வரும். குட்டிக்கு எரித்ரோமைசின் கொடுக்கும்போது தாய்க்குதிரையையும் கவனியுங்கள்: குட்டியின் வாயிலும் லத்தியிலும் இருக்கும் சிறிதளவு மருந்தை நக்கியே தாய் நோயில் விழுந்ததுண்டு.

புரோபயாடிக் பொடி பன்மையைக் கூட்டுமா?

பெரும்பாலும் இல்லை. வெளியிலிருந்து வரும் ஓரிரு வகைகள் ஏற்கெனவே நிறைந்திருக்கும் குடலில் குடியேறுவதில்லை; கொடுப்பதை நிறுத்தினால் மறைந்துவிடும். அதிகம் ஆராயப்பட்டது சாக்கரோமைசஸ் செரிவிசியே என்னும் உயிருள்ள ஈஸ்ட். மாவுச்சத்து அதிகமுள்ள தீவனத்தில் அமிலத்தன்மையைக் கொஞ்சம் தணிக்கவும் நார் செரிப்பதைக் கொஞ்சம் கூட்டவும் அது உதவியிருக்கிறது. அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

‘நன்மை செய்யாவிட்டாலும் தீமை இல்லை’ என்று பிறந்த குட்டிக்குக் கொடுப்பது தவறு. லாக்டோபேசில்லஸ் பென்டோசஸ் வகையொன்றைப் பேதியைத் தடுக்கும் என்று நம்பிக் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையில், கொடுத்த குட்டிகளுக்கே பேதி அதிகம் வந்தது.

குட்டி தாயின் லத்தியைத் தின்கிறதே, தடுக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை இது இயல்பு. நாரை உடைக்கும் பாக்டீரியா குட்டிக்குச் சேரும் வழிகளில் இது முக்கியமானது. இரண்டு மாதத்துக்குள் குட்டியின் குடல் கூட்டம் வளர்ந்த குதிரையுடையதை ஒத்துவிடுகிறது. தாய்க்கு முறையாகக் குடற்புழு நீக்கம் செய்திருந்தால் போதும். 5 முதல் 14 நாள் வயதில் வரும் லேசான பேதி பெரும்பாலும் இந்த மாற்றத்தின் பகுதி. குட்டி பால் குடித்துக்கொண்டு துள்ளினால் பயமில்லை. சோர்ந்து படுத்தாலோ பால் மறுத்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டிலேயே குடலின் நிலையை அறிய வழி உண்டா?

லத்தியின் பிஎச் ஒரு நல்ல துப்பு. விழுந்து 15 நிமிடத்துக்குள் உருண்டையை உடைத்து உள்பகுதியை எடுங்கள். அதே அளவு சுத்தமான நீரில் கலக்கி, துணியில் பிழிந்து, சாற்றில் அளவுமானியை வையுங்கள். குதிரை நலமாக இருக்கும்போதே மூன்று வெவ்வேறு நாட்களில் அளந்து அதன் வழக்கமான எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். 6.5 முதல் 7 இயல்பு. 6.2-க்குக் கீழே தொடர்ந்து நின்றால் தானியத்தைக் குறைக்க வேண்டும். சீக்கத்தில் நடப்பது லத்தியில் தெரியத் தாமதமாகும் என்பதால், எண் நன்றாக இருப்பதை மட்டும் வைத்து நிம்மதியடைய முடியாது.

புளித்த வாடை, உருண்டை கட்டாத லத்தி, அதில் முழுத் தானியம், மரத்தைக் கடிப்பது ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

லத்தியிலுள்ள பாக்டீரியாவின் டிஎன்ஏ பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது எப்படி?

கையுறை போட்டு, தரையைத் தொடாத உள்பகுதியிலிருந்து சில கிராம் எடுத்து, ஆய்வகம் தந்த பதப்படுத்தும் திரவத்தில் உடனே போடுங்கள். திரவம் இல்லையென்றால் தாமதிக்காமல் உறையவைக்க வேண்டும். வெயிலில் கிடந்த லத்தியில் காற்றில் வளரும் பாக்டீரியா பெருகி, இல்லாத நோயைக் காட்டும். குதிரையின் வயது, தற்போதைய தீவனம், கடந்த மூன்று மாத மருந்துகள், கடைசிப் பயணம் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். இவை இல்லாத அறிக்கையைப் படித்துப் பயனில்லை.

ஒரு முறை எடுத்த அறிக்கையை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில், ஒரே குதிரைக்குத் தொடர்ந்து எடுத்தால்தான் அர்த்தம். குட்டி ஈன்ற தாய்க்குதிரைகளைத் தொடர்ந்து சோதித்து 2015இல் வெளியான ஆய்வில், வயிற்றுவலி வருவதற்கு முன்பே ஃபர்மிக்யூட்ஸ் குறைந்து புரோட்டியோபாக்டீரியா என்னும் வேறொரு பிரிவு கூடியிருந்தது தெரிந்தது. தொடர்ந்து எடுத்ததால்தான் அது கண்ணில் பட்டது.

லத்தி மாற்றுச் சிகிச்சை பலன் தருமா?

தீராத பேதியில் சில குதிரைகளுக்குப் பலன் கிடைத்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் இல்லை. நலமான குதிரையின் புதிய லத்தியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து வடிகட்டி மூக்குக்குழாய் வழியே இரைப்பைக்குச் செலுத்துவார்கள், வழக்கமாகத் தொடர்ந்து சில நாள். கொடையளிக்கும் குதிரைக்குச் சால்மோனெல்லாவும் குடற்புழுவும் இல்லையென்று உறுதிசெய்திருக்க வேண்டும். அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்திருக்கக் கூடாது. குழாய் நுரையீரலுக்குள் போனால் குதிரை இறந்துவிடும். இது மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

வயதான குதிரைக்கும் பருத்த குதிரைக்கும் பன்மை குறையுமா?

வயதான குதிரையில் குறையும் போக்கு பதிவாகியிருக்கிறது. பருத்த குதிரையைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. வயதானதற்கு முதலில் பல்லைச் சோதியுங்கள். மெல்லாத புல் செரிக்காது. நீளப் புல்லை மெல்ல முடியாவிட்டால் நறுக்கியோ, நார்க் குச்சித் தீவனத்தை ஊறவைத்தோ கொடுக்கலாம். பருத்ததற்குத் தானியத்தை முழுவதும் நிறுத்துங்கள், புல்லை நிறுத்தாதீர்கள்.

குதிரை தானிய மூட்டையை அவிழ்த்துத் தின்றுவிட்டது. பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. காத்திருக்கலாமா?

கூடாது. குளம்பு அழற்சி வெளியே தெரிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். அதற்குள் பின்குடலில் சேதம் நடந்து முடிந்திருக்கும். மிச்சத் தானியத்தை அகற்றுங்கள். எவ்வளவு தின்றது, எந்தத் தானியம், எப்போது என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரை உடனே அழையுங்கள். குழாய் வழியே இரைப்பையைக் கழுவுவதற்கு முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு.

அவர் வருவதற்குள் நான்கு கால்களையும் குளம்பிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை பனிக்கட்டி நீரில் வையுங்கள். நீர் குளிர்ந்தால் போதாது, பனிக்கட்டி மிதந்துகொண்டே இருக்க வேண்டும். 48 முதல் 72 மணி நேரம் இடைவிடாமல் தொடர வேண்டும். நடக்க வைக்காதீர்கள். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினாலோ, உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலோ, குளம்புக்கு மேலுள்ள நாடி விரலில் பலமாகத் தெறித்தாலோ அதையும் உடனே தெரிவியுங்கள்.